நாகர்கோவில் பஸ்

இஸ்தான்புல்லில் படகு கிளம்பியதும் டீசல் புகை முகத்தில் அடித்தது. மனம் சட்டென்று கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் சோரியாங்குப்பத்தில் கரும்பு வெட்டு முடிந்திருந்தது. மாமா வீட்டுக்கென்று சொல்லித்தான் அம்மா என்னைக் கூட்டி வந்தாள். ஆனால் மாமா ஊர் பஸ் வந்தும் ஏறவில்லை. புடவைத் தலைப்பை முறுக்கியபடி நின்றவள், திடீரென்று நாகர்கோவில் பஸ்ஸில் என்னை ஏற்றினாள்.

"எங்கம்மா போறோம்?"

"கன்னியாகுமரிக்கு. நெலம் முடியற எடத்த ஒரு வாட்டியாவது பாக்கணும்டி."

நாகர்கோவிலில் வேறு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கடலில் முழங்கால்வரை புடவை நனைந்தும் அவள் நகரவில்லை. சங்கு விற்றவரிடம், "இதுக்கு அந்தாண்ட இன்னா ஊருங்க இருக்குது?" என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

நாங்கள் திரும்பியபோது ஊர் நிறுத்தத்தில் அப்பா நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அடித்துவிடுவாரோ என்று பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"எங்கடி போன?"

"கன்னியாகுமரிக்கு."

"என்னையும் ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாம்ல," என்றார் அப்பா.

இஸ்தான்புல் படகு கரையைத் தொட்டதும் எல்லோரும் இறங்கினார்கள். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அடுத்த படகு எங்கே போகிறதென்று விசாரிக்கத் தொடங்கினேன்.