ஒதுங்கி நின்ற ஒரு புள்ளி

என் ஆய்வை மேற்பார்வை செய்பவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஐம்பது வயதில் மேற்படிப்புக்குப் போகிறவனுக்கு இந்தப் பாக்கியமெல்லாம் கிடைக்கும். ஒரு நாள் காலையில் தொலைபேசியில் சொன்னார்: “அந்த ஒரு ஆளை எடுத்துவிடுங்கள். படம் சுத்தமாகிவிடும்.”

எடுக்கச் சொன்ன ஆள் என் சிநேகிதன். பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து வந்து, நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். நானே கெஞ்சிக் கூட்டிப்போய் மூளையைப் படமெடுக்கும் மெஷினுக்குள் படுக்க வைத்தவன்.

ஆய்வு இதுதான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் ஒரு கூட்டம், இல்லாதவர்கள் மறு கூட்டம். மெஷினுக்குள் சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. இரண்டு வயல்களில் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறி இறங்கினால் இரண்டுக்கும் வாய்க்கால் ஒன்று என்று நினைக்கிறோமே, அப்படி. பிறகு இரண்டு கூட்டத்தின் வாய்க்கால்களையும் ஒப்பிட வேண்டும். அட்டவணையில் ஒரு நிரல்: நோயாளி என்றால் ஒன்று, சுகதேகி என்றால் பூச்சியம்.

வயது, ஆண் பெண், படிப்பு, வலக்கைப் பழக்கம் எல்லாவற்றையும் சமப்படுத்தியிருந்தேன். ஒரே மெஷின், ஒரே மாதம், ஒரே நேரம், பின்னேரம் நாலு மணி. அந்தப் பெருமையைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தேன். படிவம் வெளிநாட்டாருடையது. ‘கடந்த இருபத்து நாலு மணித்தியாலத்தில் மது அருந்தினீரா?’ என்று நான் வாசிக்க, சுகதேகியாக வந்த எங்கள் பள்ளிவாசல் நிர்வாகி மரைக்காயர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் சுடுகிறது.

முடிவு அட்டகாசமாக வந்தது. வரைபடத்தில் ஆளுக்கொரு புள்ளி; இரண்டு கூட்டமும் கிழக்கும் மேற்கும்போல் பிரிந்து நின்றன. சுகதேகிகளில் ஒரே ஒரு புள்ளி மட்டும் நோயாளிகளின் நடுவே போய்க் குந்தியிருந்தது. அதுதான் சிநேகிதன்.

எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல். இது எனக்குக் கிடைத்த கடைசித் தவணை. அந்த அத்தியாயம் போகாவிட்டால் படிப்பே போய்விடும். கதிரையை உதைத்தேன். கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நொண்டிக்கொண்டே தொலைபேசியை எடுத்தேன்.

“உனக்குச் சீனி இருக்கா? மறைச்சிட்டியா?”

“ஒனக்கு விசரா மச்சான்? ரிப்போட் காட்டித்தானே வந்த நான்.”

“அப்ப அண்டைக்கு என்னடா செஞ்ச?”

“என்னத்தச் செஞ்ச? மத்தியானம் சோறும் சூரை மீன் கறியும். வாற வழியில ரெண்டு தேத்தண்ணி. உன்னையும் கேட்டன், நீ முறைச்சாய். நோன்பெண்டு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்த.”

படமெடுத்த திகதிகளை எடுத்துப் பார்த்தேன்.

ஒரே மாதம் என்று நான் பீற்றிக்கொண்டது நோன்பு மாதம். பள்ளிக்கூட விடுமுறை, ஆட்கள் இலேசாகக் கிடைப்பார்கள் என்று நான்தான் தெரிந்தெடுத்தேன். என் நோயாளிகள் ஊசி போடுகிறவர்கள், நோன்பு பிடிக்கக் கூடாது என்று வைத்தியர் தடுத்தவர்கள். சுகதேகிகளோ விடியுமுன் சாப்பிடும் சஹருக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடியாமல், தேத்தண்ணீர் இல்லாத தலையிடியோடு நாலு மணிக்கு வந்து படுத்தவர்கள். இந்துவான சிநேகிதன் ஒருவன்தான் அவர்களில் நோன்பில்லாதவன். படிவத்தில் நோன்பு பற்றிக் கேள்வி இல்லை. எங்கள் ஊரில் நோன்பு மாதத்தில் ஒருவரிடம் நோன்பா என்று கேட்பவனைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். அதனால் நானும் கேட்கவில்லை. நானே நோன்போடு நின்றுகொண்டு கேட்கவில்லை!

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சிரித்தார். “இதற்கா பதறுகிறீர்கள்? நோன்பு என்று இன்னொரு நிரலைப் போடுங்கள். கணினி கழித்துத் தரும். அந்த ஆளை மட்டும் எடுத்துவிடுங்கள்.”

போட்டேன். கணினி மறுத்தது. மூன்று தரம் அழுத்தினேன், மூன்று தரமும் மறுத்தது. அட்டவணையைத் தூக்கிக்கொண்டு பாண்டிருப்புக்கு ஓடினேன். சிநேகிதன் ஒரு பார்வை பார்த்தான்.

“இதில எங்கடா ரெண்டு நிரல்? நோயாளியெண்டா நோன்பில்ல, சுகதேகியெண்டா நோன்பு. ஒரே நிரலத் திருப்பிப் போட்டிருக்காய். ஒம்பதாம் ஆண்டுப் பிள்ளை சொல்லும். ரெண்டையும் பிரிக்க உன்னட்ட இருந்ததே என்ர தலை ஒண்டுதான். அதையும் வெட்டிப்போட்டு வந்து நிக்கிறாய்.”

“உன்ர ஒரு தலைய வெச்சு என்னத்தப் பிரிக்கிற?”

“அதுவும் ஏலாதுதான். ஆனா, பிழையெண்டு சொன்னதே அந்தத் தலைதானே?”

அன்று வந்த கோபம் வேறு. மேற்பார்வையாளர் தெரியாமல் சொல்லவில்லை. “யாரும் கேட்க மாட்டார்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்க மாட்டார்கள்தான். நாளைக்கு ஒரு வைத்தியர் அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, என் மரைக்காயருடைய தேத்தண்ணீர்த் தலையிடியைச் சீனி வருத்தக்காரர்களின் மூளைக் கோளாறு என்று அவர்களுக்கே சொல்வார். அந்த நோயாளிகளில் ஒருத்தி என் கூடப்பிறந்த ராத்தா. இப்போதே சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்தால் அழுகிறவள்.

“எடுக்க மாட்டேன். திரும்பப் படமெடுக்கப் போகிறேன்” என்று அவரிடம் சொன்னேன்.

“தவணை கிடைக்காது.”

“கிடைக்காட்டிப் போகட்டும், சேர்!” என்று கத்தினேன். கத்திய வேகத்தில் தொலைபேசி மீன்கறிச் சட்டிக்குள் விழுந்தது வேறு கதை.

பெருநாள் கழிந்து, வரக்கூடிய எல்லாரையும், இரண்டு கூட்டத்தையும், ஒரே வாரத்தில் திரும்பக் கூட்டிப்போனேன். வாசலில் ஃபிளாஸ்க்கோடு நின்று ஆளுக்கொரு தேத்தண்ணீர் கொடுத்தேன். மரைக்காயர், “இண்டைக்கும் சாராயத்தக் கேப்பியா?” என்றார்.

கேட்டேன். படிவத்தில் இருந்ததே.

அந்த அட்டகாசமான பிரிவு காணாமல் போயிற்று. இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சிநேகிதனின் புள்ளியைக் கண்டுபிடிக்கவே எனக்கு வெகுநேரம் பிடித்தது. நம்பத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை என்று அத்தியாயத்தை எழுதி, முதல் தரம் செய்த பிழையையும் மறைக்காமல் சேர்த்து, தவணை முடிந்து ஒன்பதாம் நாள் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

ராத்தாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன்: “ஒன்ட மூளைக்கு ஒண்டும் இல்ல. சாவிய நீ சும்மாதான் துலைக்கிற.”