பனிக்காட்டு பம்ப்

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் என் கடைக்கு லேப்டாப் ஃபேனை மாற்ற வந்தவர் அவர். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஆபரேட்டர், கான்ட்ராக்ட். ஒல்லி உடம்பு, காலர் வெளுத்த காக்கிச் சட்டை. ஓடுகிற எதன் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். என் மேஜை விசிறியைத் தொட்டுவிட்டு, "பேரிங் போவப்போவுதுங்க" என்றார்.

ஃபேனை மாற்றி ஓடவிட்டபோது திரையில் ஒரு பனிக்காடு வந்தது. பழைய கேம் ஒன்றை வைத்து நம்மூர் ரசிகர்களே கட்டும் உலகமாம். அதில் இந்த மந்திரக் காடு இவர் செய்தது. நீல மரங்கள், பேசும் நரி, எங்கு பார்த்தாலும் பனி. நடுவில் ஒரு பெரிய பள்ளம், அதில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மந்திரக் காட்டுல பம்ப் எதுக்குங்க?"

"கூட செய்யறவங்களும் அதத்தான் சொல்லிகினு இருக்காங்க. எடுக்கலன்னா என் காட்டையே சேத்துக்க மாட்டாங்களாம்."

"எடுத்துடுங்களேன்."

"பள்ளம் தோண்டிட்டு பம்ப் வைக்காம எப்படிங்க? கீழ தண்ணி இருக்குல்ல? நிறுத்துனா தரையத் தூக்கிடும்." அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவர் டீ குடிக்கப் போனதும் நான் காட்டுக்குள் நடந்துபோய் பம்பை நிறுத்தினேன். வெறும் கேம்தானே. பனித்தரை மெல்ல உப்பி வெடித்தது. தண்ணீர் மரங்களின் இடுப்புக்கு ஏறியது. நரி நீந்தி வந்து, என்னை நேராகப் பார்த்துக் கேட்டது:

"ஷிஃப்ட்ல யாரு?"