ஆனி கடைசி நாளின் இருபத்துமூன்று நிமிடங்கள்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் எங்கள் பகுதிக்கென்று ஒரு மேடைப்பேச்சு நிகழ்ச்சி நடத்த அக்காவுக்கு உரிமம் கிடைத்தபோது, அவர் முதலில் செய்த வேலை அந்தக் கடிதத்தை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் போட்டதுதான். அந்தக் கோப்பில் அதற்கு முன்பே இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் மறுப்புகள். மூன்றாவது முயற்சியில் கிடைத்த உரிமம் இது.

அக்கா எனக்கு உறவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் வந்து, முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருப்பவர். நான் திருச்சியிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவள், அவருக்கு மேல்மாடியில் குடியிருப்பவள். அதிகாலை வேலைக்கு டிராமில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு உலகத்தில் யார் யாரோ பேசும் உரைகளைக் கேட்பது அவர் வழக்கம். கேட்டுக் கேட்டு, "எங்கட ரோட்டிலயும் இப்பிடிப் பேச ஆக்கள் இருக்கினம்" என்று தோன்றிவிட்டது. அந்த உரைகளை நடத்தும் அமைப்பு கடலுக்கு அப்பால் இருக்கிறது. நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டால், எந்த ஊர்க்காரரும் அதன் பெயரில் நிகழ்ச்சி நடத்தலாம். நிபந்தனைகள் நாற்பது பக்கம்.

வலைத்தளம் செய்துதரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே தலையை நீட்டினேன். ஒரு பக்கத் தளம்தானே, ஞாயிறு மதியத்தில் முடித்துவிடலாம் என்று வாயை விட்டேன். நிகழ்ச்சிக் குழுவின் தலைவரான அண்ணை அப்போது எனக்கு அறிமுகமாகியிருக்கவில்லை.

அண்ணை பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் நடக்கும் எந்த விழாவுக்கும் அவர்தான் தலைவர். வேறு ஒருவர் தலைவராகி யாரும் பார்த்ததில்லை. முகப்பில் பிள்ளையார், அதற்குக் கீழே தலைவரின் வாழ்த்துச் செய்தி, பக்கத்தில் தலைவரின் படம், பின்னணியில் ரோஜாப்பூ என்று அவர் ஒரு தாளில் வரைந்தே கொண்டுவந்தார். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், சின்னத்தைத் தொடக்கூடாது, வாழ்த்துரை கூடாது என்று நான் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினேன்.

"தலைவரின்ர படம் இல்லாத வெப்சைட்டை ஆர் பிள்ளை பாப்பினம்?" என்றார். உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

பிறகு ஜெர்மன் சட்டப்படி தளத்துக்குப் பொறுப்பானவரின் பெயரும் வீட்டு முகவரியும் போட வேண்டிய பகுதிக்கு வந்தோம். ஏதாவது பிழை நடந்தால் வக்கீல் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வரும் என்று விளக்கினேன். "அதில அக்காவின்ர பேரைப் போடுங்கோ, பொம்பிளையளுக்கு முன்னுரிமை குடுக்க வேணும்" என்று அண்ணை பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார். அக்கா சிரித்தபடி முகவரியைச் சொன்னார்.

தளம் தயாரானது. கடவுச்சொல் போட்டுப் பூட்டி, தலைமையகத்தின் பார்வைக்கு அனுப்பினேன். நாற்பது பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி இதுதான்: எழுத்தில் ஒப்புதல் வரும்முன் தளத்தைப் பொதுவில் திறக்கக்கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகலாம்.

செவ்வாய் மாலை அக்கா படியேறி வந்தார். கையில் அண்ணையின் கடை நாட்காட்டி.

"பிள்ளை, நாளைக்கு ஆனி முடியுது. பத்திலயிருந்து பதினொண்டு வரைக்கும் நல்ல நேரம். அதை விட்டால் ஆடி. ஆடியில ஒண்டும் துவங்கேலாது."

"அப்ரூவல் மெயில் இன்னும் வரலையேக்கா."

"வராட்டி அஞ்சு நிமிஷம் திறந்துபோட்டு மூடுவம். சாமி பாத்தாப் போதும்."

நான் நல்ல நேரம் பார்ப்பவள் இல்லை. என் கல்யாணத்தின்போதே ஜாதகம் பார்க்கக்கூடாது என்று மாமாக்களோடு சண்டை போட்டவள். அக்காவை அன்று நன்றாகக் கேலி செய்தேன். சர்வருக்கு நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்ற தொழில் திமிர்தான் காரணம்.

புதன் பத்து மணிக்கு, அலுவலகத்தின் இணையவழிக் கூட்டம் ஒன்றில் கேமராவை அணைத்துவிட்டு, அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தேன். மடிக்கணினிக்குக் குங்குமப் பொட்டு. பக்கத்தில் குத்துவிளக்கும் சர்க்கரைப் பொங்கலும். வீடியோ அழைப்பில் அண்ணை, வேட்டி சால்வையுடன், கடையின் அரிசி மூட்டைகளுக்கு முன்னால். நான் பூட்டைத் திறந்தேன். அக்கா கற்பூரம் கொளுத்தினார்.

கூரையில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. நான் நாற்காலியில் ஏறி அதை அழுத்தினேன். நிற்கவில்லை. அக்கா துண்டை எடுத்து விசிறினார். கூடத்தில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. எதிர்வீட்டு ஜெர்மன் அம்மா கதவைத் தட்டி, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா என்று கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பிவிட்டு நான் மறுபடி கணினி முன் வந்தபோது இருபத்துமூன்று நிமிடம் ஆகியிருந்தது. அவசரமாகப் பூட்டினேன்.

அந்த இருபத்துமூன்று நிமிடத்தில் அண்ணை சும்மா இருக்கவில்லை. ஒரு நல்ல காரியம் தொடங்கியதும் உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. தளத்தின் படத்தையும் இணைப்பையும் சேர்த்து, "எமது இணையத்தளம் இனிதே திறக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதி, நேராகத் தலைமையகத்துக்கே நன்றி மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒப்புதலுக்கு முன் தளம் திறக்கப்பட்டது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தேவை. அக்கா அதைப் படித்தார். அச்செடுத்தார், துளையிட்டார், கோப்பில் போட்டார். பழைய மறுப்புகளோடு அதுவும் சேர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. தடித்த எழுத்தைப் படித்தவள் நான். பொத்தானை அமுக்கியவளும் நான்.

"கவலைப்படாதீங்க. சர்வர் செட்டிங்ல ஒரு எரர்னு எழுதிடலாம். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

"ஏலாது பிள்ளை. நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் விளக்கக் கடிதம் எழுதினனான். பொய் எழுதினால் அதைக் காலம் முழுக்க ஞாபகம் வைச்சிருக்க வேணும். எனக்கு இப்ப மருந்துக் குளிசையே ஞாபகம் இல்லை. உள்ளதை எழுதும்."

உள்ளதை எழுத உட்கார்ந்தேன். ஆடி மாதத்தை ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். ஏன் அந்த மாதத்தில் எதையும் தொடங்கக்கூடாது என்று எழுத வந்தபோது எனக்கே காரணம் தெரியவில்லை என்பது தெரிந்தது. கற்பூரம், அலாரம், எதிர்வீட்டு அம்மா, பொங்கல், அண்ணையின் நன்றி எல்லாம் வரிசையாகக் கடிதத்தில் ஏறின. படித்துப் பார்த்தால் விளக்கக் கடிதம் மாதிரியே இல்லை. அக்கா தன் மின்னஞ்சலிலிருந்து தானே அனுப்புவதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கீழிருந்து கூப்பிட்டார். பதில் வந்திருந்தது. ஆங்கிலத்தில் படிக்கத் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். நான் வாய்விட்டுப் படித்தேன். விளக்கம் ஏற்கப்பட்டது, உரிமம் தொடர்கிறது, தளத்துக்கு ஒப்புதல் உண்டு, உடனே திறக்கலாம். கடைசியில் ஒரு வரி: செய்யக்கூடாது என்று உங்களைத் தடுத்த உங்கள் வலைத்தள வடிவமைப்பாளருக்கு எங்கள் பாராட்டைத் தெரிவியுங்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா விளக்குத் திரியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

"நான் எங்கேக்கா தடுத்தேன்?"

"உம்மட தொழில் இது. நாளைக்கு ஆரும் உம்மைப் பிழை சொல்லக்கூடாது. ஒரு வரிதான் கூட்டி எழுதினனான்."

"பொய் எழுதக்கூடாதுன்னு சொன்னீங்களே."

"ஓம். அந்த ஒண்டை நான் ஞாபகம் வைச்சிருப்பன்" என்றார். "இப்ப திறவும், அவையள் மனம் மாற முந்தி. ஆனியிலயே துவங்கியாச்சு, ஆடி ஒண்டும் செய்யாது."

முகத்தைக் காட்டாமல் இருக்கச் சுவரைப் பார்த்தேன். சுவரில் நாட்காட்டி. செவ்வாய், ராகு காலம் ஐந்தே முக்கால் முதல் ஏழே முக்கால். ஜெர்மனிக்கென்று கணித்தது, கோடையில் இங்கே பகல் நீளமாதலால் ராகுவும் ஓவர்டைம் பார்க்கிறார்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

"வேணாம்க்கா. ராகு காலம். ஏழே முக்காலுக்கு மேல திறக்கலாம்."

"நீர் எப்ப துவக்கம் உதெல்லாம் பாக்கிறீர்?"

"இப்பதான். திறக்க மாட்டேன், நீங்க என்ன சொன்னாலும் சரி."

அக்கா தேநீருக்குக் கெட்டிலைப் போட்டுவிட்டு, இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தார்.

"நல்லதாப் போச்சு. இப்ப தடுத்திட்டீர்" என்றார். "இனி அந்தப் பொய்யை நான் ஞாபகம் வைச்சிருக்கத் தேவையில்லை."