வெள்ளைத் துணியில் வெள்ளை மீன்

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற நாளில் மட்டும்தான் காதில் விழும். மற்ற நாட்களில் அவள் பாபின். தையல் மெஷினின் அடிவயிற்றில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும் சின்ன நூலுருளை மாதிரி அவள் வாயும் ஓயாது. எம்பிராய்டரி பட்டறையில் எல்லா மெஷினும் ஒருசேரக் கடகடத்தாலும் அதற்கு மேலே அவள் குரல் கேட்கும்.

"நூல் தீர்ந்தா மெஷினே நின்னுடுது. உனக்கு எப்பத்தான் தீரும், பாபின்?" என்பார் இஸ்திரி போடும் அண்ணன்.

"உங்க பெட்டி சூடு ஆறட்டும்ணே, நானும் ஆறிக்கிறேன்."

வளையத்தில் இறுக்கிய துணியை ஊசிக்கு அடியில் நகர்த்தி நகர்த்திப் பூவும் இலையும் போடுவது அவள் வேலை. ஊசி இருந்த இடத்திலேயே குத்தும். ஓட வேண்டியது துணிதான். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு, காகிதத்தை ஆட்டி எழுதுவதைப் போல. அவள் தைப்பதையெல்லாம் வரைந்து கொடுத்தது அவளுடைய தம்பி. ஜன்னலோரத்து மேசையும் நாற்காலியும் அவனுடையவை. அவன் கோடு போட, அவள் நூல் போட, நடுவில் ஓயாத சண்டை போட, வருஷங்கள் ஓடின.

பிறகு அவன் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. சாவித் துவாரம் அளவுக்கு வந்து, அதுவும் அடைத்துக்கொண்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டு உள்ளறையே கதியென்று கிடந்தான். துணியைத் தொடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்டும் துணி. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் மீன் கூட்டம். வேறு நிறம் ஒரு இழைகூடக் கூடாது. ஆனால் மீன் தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்றைப் பாபின் தைத்துக் கொடுத்தாள். முதலாளியம்மா அதை விரித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மீன் எங்கம்மா? வலைபோட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்களா?"

பட்டறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் தம்பி நாற்காலிய நானும் சும்மாவே வச்சிருக்கேன். அடுத்த மாதிரியும் இப்படியே வந்தா, வெளிய ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருக்கேன், அவர வரச் சொல்லிருவேன். தப்பா எடுத்துக்காத."

பாபின் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது. ஆனால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால், தம்பி அந்த உள்ளறையை விட்டு எழுந்து வருவதற்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை அவன் மடியில் எறிந்தாள்.

"வேணாம்னு சொன்னேன்ல."

"வேணாம்னா கீழ தள்ளு. அதுக்கும் கையால தொடத்தான வேணும்?"

தள்ளப் போன கை துணிமேல் நின்றது. விரல்கள் மெதுவாக ஊர்ந்தன. ஓரிடத்தில் திரும்பி வந்து, மறுபடியும் போயின.

"அக்கா, இந்த மீன் தைக்கிறப்ப போன் வந்துச்சா?"

பாபினுக்குத் திக்கென்றது. மாமியாரிடமிருந்து போன் வந்தது உண்மைதான். "எப்படிடா?"

"வால் வரைக்கும் தையல் தளர்வா வருது. அப்புறம் ஒரே இறுக்கம். யார் மேல கோபம்?"

அவள் துணியைப் பிடுங்கிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தன் கை தன்னை அறியாமல் எத்தனை விஷயங்களை நூலில் எழுதி வைக்கிறது! முன்பின் தெரியாத யார் யாரோ உடுத்திக்கொண்டு போன துணிகளில் எல்லாம் அவளுடைய கோபமும் அலுப்பும் இப்படித்தான் போயிருக்குமோ?

"கோபத்த விடு. மீன் ஏன் தெரியல?"

"எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடக்கு, கூடையில அடுக்கின மாதிரி. எந்த மீன எடுத்தாலும் நூல் ஒரே திசையில ஓடுது. தையல் போற வாக்குல விரல் வழுக்குது, குறுக்க வந்தா நெருடுது. வெளிச்சமும் அப்படித்தானக்கா? நெடுக விழுந்தா மங்கும், குறுக்க விழுந்தா மின்னும். எல்லாமே ஒண்ணா மின்னினா எதத்தான் பார்க்கிறது?"

சொல்லி முடித்தவன், தான் இவ்வளவு பேசியதை நினைத்தோ என்னவோ, சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பாபின் அவனை விடவில்லை. பழைய சட்டை அட்டைப்பெட்டியைக் கிழித்து மீன் மீனாக வெட்டினாள். அவன் ஒவ்வோர் அட்டையையும் தடவி, நூல் ஓட வேண்டிய திசையை ஆணியால் கீறினான். உடலுக்கு ஒரு திசை, வயிற்றுக்கு ஒன்று, துடுப்புக்கு இன்னொன்று. பிறகு தரையில் உட்கார்ந்து மீன்களை அடுக்கினான், பிடிக்காமல் கலைத்தான், மறுபடியும் அடுக்கினான். அவள் ஒரு மீனைக் காலால் மிதித்துவிட்டதற்காகக் கத்தினான். பழையபடி அவன் கத்துவதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவன் கீறியபடியே அவள் தைத்தாள். துணியை விரித்துப் பார்த்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை. முதலில் தைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"நானும் வரேன்" என்றான் தம்பி.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தவன், தன் நாற்காலிப் பக்கம் போகாமல் இஸ்திரி மேசையிலேயே சாய்ந்து நின்றான். துணியைச் சுவரில் மாட்டினார்கள். ட்யூப்லைட்டின் கீழே முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"லைட்ட அணைங்கம்மா. ஜன்னலையும் சாத்திடுங்க" என்றான் தம்பி. "ஓட்டல்லயும் கட்டிலுக்குப் பக்கத்துலதான விளக்கு? யாராவது ஒரு பக்கமா நின்னு டார்ச் அடிங்க. மெதுவா நடந்துக்கிட்டே அடிங்க."

இஸ்திரி அண்ணன் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நடந்தார். இருட்டிலிருந்து ஒரு மீன் எழுந்தது. அதன் வயிறு வெள்ளியாய்ப் பளிச்சிட்டு அணைய, பக்கத்து மீன் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து அடுத்தது. அவர் இன்னும் ஓரடி வைத்தார். கூட்டம் மொத்தமும் உடலைச் சாய்த்து, ஒரே வீச்சில் மறுபக்கம் திரும்பியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். மீன்களும் நின்றன. பிறகு அவர் ஏதோ பயந்தவர்போல ஓரடி பின்னால் வைத்தார்; போன வழியே மீன்கள் திரும்பி வந்தன.

தன் கையால் குத்திய ஒவ்வொரு தையலையும் பாபினுக்குத் தெரியும். அதில் எதுவும் நகராது என்றும் தெரியும். தெரிந்த கண்ணுக்கு முன்னால்தான் அவை நீந்திக்கொண்டிருந்தன. பட்டறையில் அப்படியொரு அமைதி, மெஷின்கள் வந்து இறங்கியதிலிருந்து இருந்திருக்காது.

இருட்டில் தம்பி கேட்டான், "அக்கா?"

அவள் கண் துணியை விட்டு நகரவில்லை.

"அக்கா, இருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

தம்பியின் முகம் மெல்ல மலர்ந்தது. "பாபினே நின்னுபோச்சுன்னா, தெரியுதுன்னு அர்த்தம்."

முதலாளியம்மா தாமாகவே போய் ஜன்னலைத் திறந்தார். திறந்த கையோடு அங்கேயே நின்று, வெறும் வெள்ளையாகிப் போன துணியை வெகுநேரம் பார்த்தார். "அந்த ஆளுக்கு ஒரு போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிடணும்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

தம்பி இஸ்திரி மேசையிலிருந்து கையை எடுத்தான். பழகிய தடத்தில் காலை இழுத்து இழுத்து ஜன்னலோரம் போய், நாற்காலியைத் தடவினான். அவன் முகம் சுருங்கியது.

"யாரு இதுமேல நூல் பெட்டிய அடுக்கினது? இது என்ன குடோனா?"

பாபின் அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கத் தொடங்கினாள்.