நூற்றுப் பதினேழாம் வரி

எங்கள் தடுப்பூசிக் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் நிதானம் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஏதாவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். அதற்குள் கேட்டவனுக்கே விடை தெரிந்துவிடும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மாடியில் குடியிருந்த தம்பியின் மகளைத் தோளிலும் மடியிலும் போட்டு வளர்த்தவர்.

கிடங்கில் ஆறு குளிர்பெட்டிகள். மருந்து சூடானால் கெட்டுப்போகும். சில மருந்துகள் உறைந்தாலும் கெட்டுப்போகும். உறைந்து இளகியதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். பாட்டில் எப்போதும் போலத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சென்சார். அது சொல்லும் வெப்பநிலையைப் பதிந்துவைத்து, ஆபத்தென்றால் அலாரம் அடிக்கும் நிரலை நிதானம் சார் பதினோரு வருடங்களுக்கு முன்னால் தானே எழுதியிருந்தார். கரண்ட் போய்ச் சூடு ஏறினால் அது போடும் கூச்சலில் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தக் கூச்சலை நம்பி நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை பழைய கணினி மண்டையைப் போட்டது. தலைமை அலுவலகம் அனுப்பிய புதியதில் பழைய நிரல் ஓடவில்லை. மூலநிரலிலிருந்து புதிதாகத் தொகுத்தாக வேண்டும். அவர் எழுதிய வரிகளைக் கம்பைலர் படித்து, கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். எங்கேயாவது இடறினால் அந்த வரியைக் காட்டி நின்றுவிடும்.

முதல் தடவை, சென்சாரோடு பேச உதவும் கோப்பு ஒன்று இல்லை என்று நின்றது. தேடிப் பிடித்துப் போட்டார். இரண்டாம் தடவை, அந்தக் கோப்பின் புதிய பதிப்பில் ஒரு கட்டளையின் பெயர் மாறியிருந்தது. இரண்டு இடத்தில் திருத்தினார். மூன்றாம் தடவை நூற்றுப் பதினேழாம் வரியில் நின்றது. ‘இந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது’ என்பது அது சொன்ன காரணம்.

பக்கத்து மேசையிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன்.

“சார், இது வெறும் வார்னிங். புது மெஷின்ல வார்னிங் வந்தாலே நிறுத்துற மாதிரி செட் பண்ணி அனுப்பியிருக்காங்க. அதை எடுத்துவிட்டா ஓடிரும்.”

“ஓடிரும்தான்” என்றார். ஆனால் எடுக்கவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜ்யத்துக்குக் கீழே போனால் அலாரம் அடி என்பதுதான் அந்த வரி. வெப்பநிலையைப் போட்டுவைக்க அவர் தேர்ந்தெடுத்திருந்த இடமோ, பூஜ்யத்துக்குக் கீழே எண்ணத் தெரியாதது. மைனஸ் ஒன்றை அதில் போட்டால் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். நூறைத் தாண்டிய எண் வந்தால் சென்சார் பழுது, ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பார் என்று அதற்கு முந்தைய வரியே சொல்லியிருந்தது.

“பழைய மெஷின்லயும் இந்த வார்னிங் வந்திருக்கும்” என்றார் மெல்ல. “நாப்பது வார்னிங்ல ஒண்ணா ஓடியிருக்கும். நான் டீ குடிச்சிட்டு இருந்திருப்பேன்.”

பிறகு நான் சொன்ன செட்டிங்கை எடுத்துவிட்டு, நிரலை அப்படியே தொகுத்தார். உதிரி சென்சார் ஒன்றை ஐஸும் உப்பும் கலந்த டம்ளரில் விட்டார். இருவரும் திரையைப் பார்த்தோம். மூன்று. இரண்டு. ஒன்று. பூஜ்யம். அப்புறம் ஒரு கோடு. டம்ளரின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது. அலாரம் அடிக்கவில்லை. நாங்கள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அடிக்கவே இல்லை.

வரியைத் திருத்த அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தத் தடங்கலும் இல்லாமல் தொகுத்து முடிந்தது. டம்ளரில் விட்டவுடன் அலாரம் காதைக் கிழித்தது. அவர் அதை நிறுத்திவிட்டுப் பதினோரு வருடப் பதிவுகளைத் திறந்து கோடுகளைத் தேட ஆரம்பித்தார்.

சின்னச் சின்னக் கோடுகள் நாலைந்து. நாலாம் பெட்டியில் மட்டும், எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், விடிகாலை தொடங்கி ஐந்து மணி நேரம் வெறும் கோடு. அதற்கு முன்னால் மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். அதற்குப் பின்னால் பூஜ்யம், ஒன்று, இரண்டு. ஒயர் கழன்றிருந்தால் எண் படிப்படியாக இறங்காது.

பொறுப்பு நர்ஸ் எங்களுக்கு ஸ்டோர் அக்கா. நிதானம் சார் அவரிடம் போய்ச் சொன்னார். அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு நான் கேட்டேன்ல தம்பி?”

“கேட்டீங்க.”

“பாட்டில் மேல பனி பூத்தாப்ல இருக்கு, அலாரம் மட்டும் அடிக்கலையேன்னு கேட்டேன்.”

“ஒயர் லூஸ்னு சொன்னேங்க்கா. ஒயரைக்கூட மாத்தினேன்.”

“ஆமா. நீ சொன்னதும் எனக்கு மனசு ஆறிடுச்சு” என்றார் அக்கா.

பதிவேட்டில் தேடினோம். அன்று நாலாம் பெட்டியில் இருந்த கக்குவான் இருமல் தடுப்பு மருந்து மூன்று மருத்துவமனைகளுக்குப் போயிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். பட்டியலில் நிதானம் சாரின் தம்பி மகளும் இருந்தாள். அந்தப் பெயரில் விரலை வைத்தபடி அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

“ஒன்றரை வயசுல பாப்பாவுக்குக் கக்குவான் இருமல் வந்துச்சு. மூணு மாசம். மூச்சே நின்னுபோற மாதிரி இருமுவா. ஊசி போட்டும் ஏன் வந்துச்சுன்னு கேட்டேன். சில பேருக்கு வரும்னாரு டாக்டர்.”

“நிஜமாவே சில பேருக்கு வரும் சார்.”

“வரும். இது அதுவா, இதுவா?”

நான் பட்டியலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

தம்பியிடம் போட்டு உடைத்திருக்கிறார். “அண்ணே, அவதான் இப்ப குத்துக்கல்லாட்டம் இருக்காளே” என்று தம்பி சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அவரை ஆற்றவில்லை. அவள் மாடியில் எதற்காவது செருமினால் இவர் கீழே சாப்பாட்டில் கை வைத்தபடி நின்றுவிடுவார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அதிகாரிக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். “எட்டு வருஷம் ஆச்சு. யாரும் கேக்கலையே, இப்ப ஏன் கிளறணும்?” என்றார் அதிகாரி.

“குழந்தைங்க இருக்காங்களே சார்” என்றார் இவர். அவ்வளவுதான்.

உத்தரவு வந்தது. கடிதங்கள் போயின. நூற்றுத் தொண்ணூறு பேருக்கு மறுபடி ஊசி போட்டார்கள். மீதி இருபத்திரண்டு பேரின் முகவரிகளை எடுத்துக்கொண்டு அவரே தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொருவராகப் பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்தார். இரண்டு குடும்பங்கள் வெளிநாடு போய்விட்டதாகத் தெரிந்தது.

கடைசி வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். கேட்டுக்குப் பின்னால் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இவர் பையனின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவின் கை கொடியிலேயே நின்றது.

“அவன் இல்ல” என்றார். துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே போயிருக்கிறானா, வேறு ஊரில் படிக்கிறானா, இல்லவே இல்லையா? கேட்டை ஒருமுறை தட்டினால் போதும். நிதானம் சார் தட்டவில்லை. கொடியில் இரண்டு புடவையும் ஒரு தலையணை உறையும் தொங்கின. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கேக்கட்டுமா சார்?” என்றேன்.

“வேணாம். வா.”

பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் தனியாகப் போயிருக்கிறார். வீடு காலியாக இருந்ததாம். எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறையாவது அந்தத் தெருப் பக்கம் போய்வருகிறார். பையன்கள் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்துத்தான் போகிறார்.