முதலாளி காட்டிய பெட்டி

அந்தக் காலத்தில் தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் முதலாளி கைகாட்டிய பெட்டியில்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எங்களை என்ன, தலையாட்டி பொம்மைகள் என்று நினைத்தார்களா? சிலர் போட்டிருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆம்பூரில் அந்தத் தேர்தலில் நானும் ஓட்டுப் போட்டவள். வெள்ளைக்காரன் காலம், எல்லாருக்கும் ஓட்டு கிடையாது; மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றிருந்ததால் எனக்கு ஓட்டு இருந்தது. புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். ஷாப்பில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போடும் தொட்டியில் வேலை. அந்தக் கூலி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

தேர்தலில் நின்றவர்கள் இரண்டு பேர்; ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. ஒருவர் வக்கீல், அவருக்குப் பச்சைப் பெட்டி. மற்றவர் ஜவுளிக்கடைக்காரர், அவருக்குச் சிவப்புப் பெட்டி. வக்கீல் எங்கள் தெருவுக்கே வந்து, குழாய்த் தண்ணீர் வாங்கித் தருவதாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷன் என்று பட்டது. உண்மையைச் சொன்னால், அவருக்குத்தான் போடுவதாக இருந்தேன்.

அதைக் கெடுத்தவர் முதலாளி. ஓட்டுக்கு முந்தின வாரம் வேலையை நிறுத்தச் சொல்லி, வக்கீலைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு பேசினார். "இவரு நம்ம ஆளு. எம்மேல மரியாதை இருக்கிறவங்க பச்சையில போடுங்க." பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு எங்கள் காதில் விழும்படியே சொன்னார். "கவலைய விடுங்க. இதுங்க ஓட்டெல்லாம் என் ஜோபியில இருக்குது."

வக்கீல் சிரித்தார். பெரிய மனுஷர் வந்து சொன்னால் ஓட்டு மாறுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வேன், மாறும், தாராளமாக மாறும். என் ஓட்டு அந்த நிமிஷமே மாறிவிட்டது.

ஓட்டு நாளன்று யாரும் நழுவிவிடக் கூடாதென்று, தொட்டியில் நின்றவர்களில் ஓட்டு இருந்த எங்களை அப்படியே மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார் முதலாளி. கை கழுவக்கூட விடவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூடவே தொட்டியில் வேலை செய்கிற மேஸ்திரி என் பக்கம் குனிந்தார். "பச்சைதான், தெரியுமில்ல? வேல போச்சின்னா இன்னா பண்ணுவ?"

ஓட்டுச் சாவடியில் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பயமில்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளை நினைத்தேன். ஆனாலும் சீட்டைச் சிவப்பில்தான் போட்டேன். உள்ளே தள்ளும்போதுதான் அதில் என் விரல்கள் பழுப்பாகப் பதிந்திருப்பதைப் பார்த்தேன்.

வக்கீல் ஜெயித்தார். ஆனால் ஓட்டு எண்ணும்போது கூட இருந்த அவருடைய ஆள், சிவப்புப் பெட்டியிலும் பட்டைக்கறைச் சீட்டுகள் நிறைய இருந்ததாக முதலாளியிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். மறுநாள் காலை முதலாளி கொதித்துக்கொண்டு வந்தார். வரிசையில் நிறுத்தினார். "எவன் போட்டான், எவ போட்டா? கைய நீட்டுங்க." நீட்டினோம். மேஸ்திரி கை உட்பட எல்லாம் ஒரே பழுப்பு. முதலாளி வரிசையின் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"நான் போட்டேங்க," என்றேன். "வக்கீலுக்குப் போடணும்னுதான் இருந்தேன். நீங்க ஜோபியில இருக்குதுன்னு சொன்னீங்க, மாத்திக்கினேன்."

அப்போதே என்னை வெளியே அனுப்பிவிட்டார். வாசல்வரை கூட வந்த மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை.

"அவரால கண்டுபுடிச்சிருக்கவே முடியாது. இன்னாத்துக்கு நீயா போய் ஒத்துக்கின?"

"கண்டுபுடிக்க முடியலைன்னுதான் சொன்னேன்," என்றேன். "யாரோ போட்டாங்கன்னு அவரு போயிட்டா, நான் போட்டது அவருக்கு எப்படித் தெரியும்?"