மேட்டுக்குப்பத்தில் கன்னிகாவின் முறை

ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப்பத்துக்கு வருகிறவர்களைப் பார்த்ததுமே யார் எந்த ஊர் என்று கன்னிகாவுக்குத் தெரிந்துவிடும். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயாமல் இறங்குகிறவர்கள் திருமலையில் தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு அப்படியே கடல் பார்க்க வந்தவர்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்ற மறந்தவர்கள் ஸ்ரீசிட்டி கம்பெனிப் பிள்ளைகள். காரை விட்டுக் கால் தரையில் படும் முன்பே பாத்ரூம் எங்கே என்று கேட்டால் சென்னை. ராக்கெட் விடுகிற நாளென்றால் எல்லா ஊரும் ஒன்றாக வந்துசேரும். வானத்தைப் பார்த்தபடியே மீன் வறுவல் சாப்பிட்டு, முள் சிக்கி இருமுகிறவர்களுக்காகவே அவள் கடையில் ஒரு சட்டியில் வெறும் சோறு தனியாக இருக்கும்.

ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சூளூர்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் ஒரே ஒரு சாலை. கடல் பக்கம் பலூன் சுடத் துப்பாக்கி தருகிறவன், சுண்டல்காரன், போட்டோ எடுக்க நட்டுவைத்த இதயப் படம், கோவாவிலிருந்து பெயரைக் கடன் வாங்கிக்கொண்ட மூன்று விடுதிகள். ஏரிப் பக்கம் பூநாரைகள். தை மாதம் வந்தால் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, சேற்றுத் திட்டில் ஒற்றைக்காலில் நின்று, சென்னைக்காரர்களைக் காலை நான்கு மணிக்கே எழுப்பிவிடும். அவற்றைக் கிட்டப் போய்ப் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். படகுக்குத்தான் முறை.

இந்த முறை என்பது மேட்டுக்குப்பத்தில் சாமிக்கு அடுத்த விஷயம். ஏரியில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதைப் பானையில் சீட்டுப் போட்டு எடுத்துத் தீர்மானிப்பது அங்கே காலங்காலமாக உள்ள ஏற்பாடு. சுற்றுலாப் படகு வந்தபோதும் அதையே வைத்துக்கொண்டார்கள். தன் முறை நாளில் ஏரி முழுக்க அந்த ஆளுக்குச் சொந்தம். மற்றவர்கள் பயணிகளை ஏற்றக் கூடாது, அவராகக் கூப்பிட்டால் ஒழிய. பானையில் விழுந்த பெயரெல்லாம் ஆண்கள் பெயர். கன்னிகாவின் நைனா சடகோபன் இருந்தவரை அவர் பெயரும் விழுந்துகொண்டிருந்தது. அவர் இறந்த வருஷமே அந்தச் சீட்டை எடுத்துவிட்டார்கள். மகன் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

கன்னிகா ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாசியிலும், சீட்டுப் போடும் நாளில், மீனவர் சங்கக் கொட்டகை வாசலில் போய் நின்று, "என் பேரும் எழுதுங்க மாமா" என்பாள். சங்கத் தலைவர் வரதராஜன் நல்ல மனிதர்தான். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். "பாக்கலாம்மா, அடுத்த வருசம் பாக்கலாம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். அந்த ஆறு டீயும் அவளுக்கு இன்னும் நெஞ்சில் நின்றுகொண்டிருக்கிறது.

அவள் கணவன் பழனி அரக்கோணத்துப் பக்கம். ஸ்ரீசிட்டியில் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறான். "எதுக்குடி இந்த வீம்பு? கடை நல்லாத்தானே போவுது" என்று ஒருநாள் கேட்டான்.

"கடை போவுது. நான் பொறந்த ஏரியில நான் போவ முடியலியே," என்றாள்.

போகாமல் இல்லை. நைனாவின் தட்டையடித் தோணி கடைக்குப் பின்னால்தான் கட்டிக் கிடந்தது. தார் பூசிய பழைய பலகைத் தோணி, ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும், மிதக்கும். விடிகாலையில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய், கடைக்கு நண்டு பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். நண்டை ஏற்றலாம், மனுஷரை ஏற்றக் கூடாது. அதுதான் சட்டம்.

போன வருஷம் தை மாதம், பௌர்ணமியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தது. அன்றைய முறை சுரேஷ்பாபுவுடையது. சங்கத்தின் வாட்ஸப் குழுவை நடத்துகிறவன், புது இன்ஜின் வாங்கியவன், கறுப்புக் கண்ணாடி போடாமல் படகில் ஏறாதவன். காலை ஆறரைக்கே துறையில் கூட்டம். தன் படகு போதாதென்று இன்னும் இரண்டு இன்ஜின் படகுகளைக் கூப்பிட்டுக்கொண்டான்.

கன்னிகா துறையின் கடைசிப் படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை தேய்த்தது, கண் படியைப் பார்த்தது. பௌர்ணமிக் காலையில் தண்ணீர் மூன்றாம் படியை நனைத்திருக்க வேண்டும். நனைக்கவில்லை. முந்தின நாளும் அதே கோடு, அதற்கு முந்தின நாளும் அதே கோடு. முகத்துவாரத்துப் பக்கமிருந்து இறால் கொண்டுவரும் பச்சையம்மாள், கடலும் ஏரியும் சேருகிற இடத்தில் மணல் மூடிக்கொண்டது, முட்டி நனையாமல் நடந்து வந்தேன் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. கடல் தண்ணீர் உள்ளே வர வழியில்லாதபோது பௌர்ணமி என்ன செய்யும்?

எழுந்து போய் வரதராஜனிடம் சொன்னாள். "மாமா, மொகம் மூடிக்கிச்சு. தண்ணி ஏறாது. திட்டுப் பக்கம் இன்ஜின் போட்டைக் கொண்டுக்கினு போவ வேணாம்னு சொல்லுங்க."

வரதராஜன் சிரித்தார். "பௌர்ணமிக்குத் தண்ணி ஏறாம எங்கம்மா போவும்? எங்க தாத்தா காலத்துலேருந்து ஏறுது."

சுரேஷ்பாபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அக்கா, நீ போயி மீனைத் திருப்பு, தீயப்போவுது," என்றான். துறையில் நாலு பேர் சிரித்தார்கள். கன்னிகா கடைக்குத் திரும்பினாள். மீன் உண்மையிலேயே தீய ஆரம்பித்திருந்தது. அதுவேறு அவளுக்கு ஆத்திரம்.

மூன்று படகும் முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போயின. இன்ஜின் சத்தத்துக்குப் பூநாரைகள் திட்டின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டன. துரத்திக்கொண்டு போனார்கள். திட்டுக்கு முன்னால் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் ஒரு மேடு உண்டு. பௌர்ணமியென்றால் அதன் மேல் சுகமாகப் போய்விடலாம். அன்றைக்கு மூன்று படகும் வரிசையாக அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பயந்துபோய் உடனே போன் செய்திருப்பான். இவர்கள் மேட்டுக்குப்பத்துக்காரர்கள், தண்ணீரின் கணக்கு இவர்களுக்கு மனப்பாடம். சுரேஷ்பாபு பயணிகளைப் பார்த்துத் தெலுங்கில், "அரகண்டலோ நீள்ளு வஸ்தாயி," என்றான். அரைமணியில் தண்ணீர் வந்துவிடும், படகு தானே மிதக்கும். அரைமணி கழித்தும் அதையே சொன்னான். அடுத்த அரைமணியிலும் சொன்னான். வெயில் ஏறியது, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது, ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு பெரியவர் இறங்கி நடக்கிறேன் என்று காலை வைத்து, தொடை வரை சேற்றில் போய், ஒற்றைச் செருப்போடு மேலே வந்தார். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. திருப்பதியிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வருகிற சபீனாவும் சுரேஷ்பாபுவின் படகில்தான் இருந்தாள். அவனுடைய ஏழாவது அரைமணியில் அவள் பொறுமை போய்விட்டது. வரதராஜனுக்குப் போன் போட்டாள்.

வரதராஜன் ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து நின்றார். "கன்னிகா, உன் தோணி ஒண்ணுதான் அங்க போவும். கொஞ்சம் எறக்கும்மா."

கன்னிகா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு முறை யாருது மாமா?" என்று கேட்டாள்.

"இது பேசுற நேரமாம்மா?"

"நண்டைத்தான் ஏத்தலாம், ஆளை ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் சொன்னீங்க. முறைக்காரன் கூப்புடட்டும். போறேன்."

வீம்பு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் பேசிக்கொண்டே கட்டை அவிழ்த்துத் தோணியைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருந்தாள், இரண்டு குடம் குடிநீரும் தயிர்சாதத் தூக்கும் உள்ளே ஏறிவிட்டன. வரதராஜன் சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி அவள் பக்கம் நீட்டினார்.

"சுரேஷு, நான் கன்னிகா. உன் முறையில என் தோணியைக் கூப்புடுறியா?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவது கேட்டது. பிறகு, "கூப்புடுறேன்கா. வந்துடுக்கா," என்றான். குரலில் கண்ணாடியெல்லாம் கழன்றிருந்தது.

ஏரியைக் குறுக்கே கடந்தால் மேட்டில் தோணிகூடத் தரைதட்டும். நைனா போகும் வழி வேறு, திட்டின் விளிம்பை ஒட்டியே ஒரு மெல்லிய ஓடை உண்டு. அதில் போய், படகிலிருந்தவர்களை எட்டெட்டுப் பேராக ஏற்றி, எதிரே தெரியும் சாலைக் கரையில் கொண்டுபோய் இறக்கினாள். முதலில் குழந்தைகளும் வயதானவர்களும், ஒற்றைச் செருப்புப் பெரியவர் உட்பட. ஐந்து நடை. கழியை ஊன்றி ஊன்றி இடது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

ஒரு விஷயம் அவளே எதிர்பார்க்காதது. அந்த ஓடை பூநாரைகளுக்குப் பத்தடி தூரத்தில் போகிறது. இன்ஜின் இல்லை, சத்தமில்லை. கழி தண்ணீரில் நுழைந்து எழும் ஓசை மட்டும்தான். பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, மறுபடி குனிந்து இரை தேட ஆரம்பித்தன. அழுதுகொண்டிருந்த குழந்தை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. மூன்று மணி நேரம் சேற்றில் காய்ந்தவர்கள், திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளை மறந்துபோய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சபீனா கடைசி நடையில் வந்தாள். "அக்கா, எட்டு வருஷமா ஆளுங்களைக் கூட்டினு வரேன். இவ்ளோ கிட்ட நானே பாத்ததில்ல," என்றாள். கன்னிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு துறையில் இறங்கிய பாதிப் பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: இன்ஜின் இல்லாத படகு எது? அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார்கள். தோணி இல்லையென்றால் தன் வேன் இனி வேறு ஊருக்குத்தான் போகும் என்று சபீனா வரதராஜனிடம் சொல்லிவிட்டுப் போனாள். கன்னிகா மீனைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாசியில் சீட்டுப் போடும் நாள் வந்தது. இந்தத் தடவை அவள் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய், ஆண்களோடு பாயில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பழனி, ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

வரதராஜன் தொண்டையைக் கனைத்தார். "நம்ம சங்கத்துல ஒரு வழக்கம் கீது. முறைக்காரன் கூப்ட்டு, அவன் முறையில ஆள் ஏத்தினவங்க பேரு அடுத்த சீட்டுல வந்தே ஆவணும். சுரேஷு கூப்ட்டதை நானே கேட்டேன். அதனால பழனி பேரை எழுதிக்கலாம்னு..."

"யாரு பேரை?" என்றான் பழனி. "எனக்குத் தண்ணியில கால வச்சாலே தலை சுத்தும் மாமா. அன்னிக்கு நான் கம்பெனியில இருந்தேன். கழி புடிச்சது நானா?"

கொட்டகையில் சளசளப்பு எழுந்தது. பொம்பளை பேரு பானையில விழுந்ததே இல்லையே என்று ஒருவர் இழுத்தார். சுரேஷ்பாபு எழுந்து நின்றான். "நான் கூப்ட்டது கன்னிகா அக்காவை. வேற யாரையும் இல்ல," என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான்.

வரதராஜன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மறுப்பார் யாருமில்லை. ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் கன்னிகாவிடம் நீட்டினார். "நீயே எழுதும்மா. ஆறு வருசம் அலைய வுட்டுட்டேன், மனசுல வச்சுக்காத."

அவள் எழுதினாள். யார் மகள், யார் மனைவி என்று எதுவும் சேர்க்கவில்லை. மடித்து, எல்லோரும் பார்க்கப் பானைக்குள் போட்டாள்.

சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் ஞாயிறு சுரேஷ்பாபுவின் சித்தப்பாவுக்குப் போயிற்று. கன்னிகாவின் பெயர் ஒன்பதாவதாக வந்தது. கணக்குப் பார்த்தால் அவள் முதல் முறை ஒரு செவ்வாய்க்கிழமை.

"செவ்வாக்கெழமை யாரு வரப்போறா? ஈ கூட வராது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிண்டலடித்தது.

கன்னிகா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "யாரும் வராட்டி போவுது. அன்னிக்கு ஏரி என்னுது."